நொச்சிக் கட்டுரையும் நானும்

2014இல் ஆய்வு மாணவனாகச் சேர்ந்த நாளிலிருந்து நான் படித்த கட்டுரைகளில் பாதிக்கு மேல் சை-ஹப் என்ற இணையதளத்தில் எடுத்தவை. பதிப்பகத்தின் தளத்தில் ஒரு கட்டுரைக்கு 30, 40 டாலர் கேட்பார்கள். எனக்கு வந்த உதவித்தொகை மாதம் 5,000 ரூபாய். இரண்டு கட்டுரை வாங்கினால் அந்த மாதம் பட்டினிதான். சை-ஹப்பில் கட்டுரையின் அடையாளமான டிஓஐ எண்ணை ஒட்டினால் போதும், பிடிஎஃப் வந்து விழும். அது பதிப்புரிமை மீறல் என்று தெரியும். தெரிந்தும் ஒரு நாள்கூட என் தூக்கம் கெட்டதில்லை.

சமாதானங்களும் கைவசம் இருந்தன. 2011இல் அந்தத் தளத்தைத் தொடங்கிய கசகஸ்தானின் அலெக்சாண்ட்ரா எல்பாக்யானும் அப்போது கட்டுரை வாங்கக் காசில்லாத மாணவிதான். 2016இல் 'சயின்ஸ்' இதழ் ஆறு மாதத் தரவை அலசியபோது உலகெங்குமிருந்து 2.8 கோடிப் பதிவிறக்கங்கள் தெரியவந்தன. அதில் ஏறத்தாழ 34 லட்சம் இந்தியாவில் நடந்தவை. அதில் சில நூறு என் கணக்கு. எழுதுகிறவருக்கு இதழ்கள் காசு கொடுப்பதில்லை, மதிப்பிடுகிறவருக்கும் கொடுப்பதில்லை. பிறகு யார் சொத்தை யார் திருடினார்கள்? டீக்கடையில் நின்று பதிப்பகங்களைத் திட்டுவதில் எங்கள் துறையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

என்னை உறுத்துவது அந்தப் பதிவிறக்கங்கள் அல்ல. ஒரு மின்னஞ்சல்.

நொச்சி இலை எண்ணெய் கொசுப் புழுக்களை எப்படிக் கொல்கிறது என்ற என் கட்டுரை 2017இல் ஒரு வெளிநாட்டு இதழில் வந்தது. உரிமையை மாற்றித் தரும் படிவத்தில் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். மறு வருடம், ஒரு சுயநிதிக் கல்லூரியின் ஆய்வு மாணவி எழுதியிருந்தார். தங்கள் கல்லூரியில் அந்த இதழ் இல்லை, ஒரு பிரதி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல். அடுத்த மாதம் இன்னொன்று. கேட்கிற ஆய்வாளருக்கு எழுதியவர் தனிப்பட ஒரு பிரதி அனுப்புவதைப் பெரும்பாலான பதிப்பகங்களே தடுப்பதில்லை. அரை நிமிட வேலை.

நான் அனுப்பவில்லை.

வேலைப்பளு என்று சொல்லலாம். பொய். மூன்று கடிதத்தையும் வந்த அன்றே படித்தேன். தானும் நொச்சியைப் பார்ப்பதாக அவர் ஒரு வரி எழுதியிருந்தார். அந்த வரிதான் காரணம். என் செடியில் இன்னொருவர் கை வைக்கிறார், எனக்கு முன்னால் அடுத்த கட்டுரையைப் போட்டுவிடுவார் என்ற பயம். நொச்சி வேலியோரமெல்லாம் தானாக வளர்ந்து கிடக்கிறது. சளி பிடித்தால் ஊரே ஒடித்துப்போய் ஆவி பிடிக்கிறது. அதற்கு நான் பட்டா போடப் பார்த்தேன்.

2019இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆய்வு அறத்தை முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கட்டாயப் பாடமாக்கியது. அதற்குள் நான் ஆசிரியராகியிருந்த கல்லூரியில் அதை நடத்தும் பொறுப்பு, வேறு யாருக்கு, எனக்குத்தான் வந்தது. ஷெர்பா ரோமியோ என்ற இணையப் பட்டியலும் அந்தப் பாடத்திட்டத்தில் உண்டு. தன் கட்டுரையின் எந்த வடிவத்தை, எப்போது, எங்கே இலவசமாக வைக்க எழுதியவருக்கு அனுமதி உண்டு என்று ஒவ்வோர் இதழுக்கும் அதில் பார்க்கலாம். வருடாவருடம் அதைப் புரொஜெக்டரில் காட்டி விளக்கினேன். என் இதழின் பெயரை மட்டும் தட்டிப் பார்த்ததே இல்லை.

2023இல் ஒரு மாணவர் கேட்டார்: "சார், உங்க பேப்பர் வந்த ஜர்னலைப் போட்டுக் காட்டுங்களேன்."

போட்டேன். ஏற்கப்பட்ட கையெழுத்துப் படியை, வெளியாகி 12 மாதம் கழித்துக் களஞ்சியத்தில் வைக்கலாம் என்று திரையில் வந்தது.

"அப்போ 2018லயே போட்டிருக்கலாமா சார்?"

"ம்" என்றேன். மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

அன்று மாலை அந்தப் படியைத் தேடினால் என்னிடம் இல்லை. பழைய மடிக்கணினியோடு போய்விட்டது. அச்சான வடிவத்தையாவது பார்க்கலாம் என்றால் எங்கள் நூலகத்தில் அந்த இதழ் கிடையாது. என் கட்டுரையை நானே சை-ஹப்பில் எடுத்துப் படித்தேன். கடைசியில் நெறியாளருக்கு அனுப்பிய பழைய மின்னஞ்சல் ஒன்றில் அந்தப் படி அகப்பட்டது. பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஏற்றினேன். கால் மணி நேரம் ஆனது.

2025 ஜனவரியில், மத்திய அரசே இதழ்களுக்குச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் தொடங்கியது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். ஆனால் அது அரசு நடத்தும் நிறுவனங்களுக்கு. அதே ஆண்டு ஆகஸ்டில், 2020இல் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், சை-ஹப்பை இந்தியாவில் முடக்கச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். அந்த மாணவியின் கல்லூரி போன்றவற்றுக்கு ஒரு வாசல் திறக்கவேயில்லை, இன்னொன்றும் அடைபட்டது. மிச்சமிருப்பது எழுதியவரின் வாசல். ஐந்து வருடம் அதைத் தாழ் போட்டு வைத்திருந்தவன் நான்.

2023இல் கட்டுரையை ஏற்றிய இரவே மன்னிப்புக் கேட்டு, பிரதியையும் இணைத்து அந்த மாணவிக்குப் பதில் எழுதினேன். நன்றி சொல்லியிருந்தார். அந்தக் கட்டுரையை அப்போதே சை-ஹப்பில் எடுத்துவிட்டாராம். அவருடைய ஆய்வு ஆடாதோடை பற்றியது. நொச்சியை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான் கேட்டிருக்கிறார். ஆய்வேட்டில் என் கட்டுரையை மூன்று இடத்தில் மேற்கோள் காட்டியிருப்பதாகவும் எழுதியிருந்தார்.

நான் ஐந்து வருடம் எடுத்துக்கொண்ட பதிலுக்கு அவர் இருபது நிமிடத்தில் பதில் போட்டிருந்தார்.