தானாவுக்குள் கல்

பிளாஸ்டிக்கில் பவுடர் கலந்திருக்கிறது என்றாலே கலப்படம் என்று முகம் சுளிக்கிறார்கள். பிளாஸ்டிக்கில் பவுடர் கலந்து தானா (மணிகள்) ஆக்கும் காம்பவுண்டிங் தொழிலில் இருக்கும் எனக்கு அது மனத்தாங்கல்தான். விலையைக் குறைக்கவென்றே கால்சியம் கார்பனேட்டை அள்ளிக் கொட்டுகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கார் டாஷ்போர்டுக்கான பாலிப்ரொப்பிலீனில் டால்க் சேர்ப்பது, வெயில் சூட்டில் அது தொய்ந்துவிடக் கூடாது என்பதற்காக.

டால்க் என்பது மாக்கல் தூள். ராஜஸ்தானிலிருந்து நிறைய வருகிறது. துகள்கள் தகடு தகடாக இருக்கும். உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் பாயும்போது தகடுகளும் அந்தப் போக்கிலேயே படுத்துக்கொள்ளும். பிறகு வளைத்துப் பார்த்தால் லேசில் வளையாது. எடையில் 20 சதவீதம் சேர்த்தாலே விறைப்பு ஒன்றரை மடங்காவது ஆகிவிடும். கால்சியம் கார்பனேட் துகளுக்கு அந்தத் தகட்டு வடிவம் இல்லை. விறைப்பு அவ்வளவு ஏறாது. ஆனால் அடி தாங்கும் குணம் டால்க் அளவுக்கு விழுவதுமில்லை.

விலைக் கணக்கில் பலர் தவறவிடுவது ஒன்று. டால்க்கின் அடர்த்தி பாலிப்ரொப்பிலீனைப்போல மூன்று மடங்கு. எடையில் 40 சதவீதம் போட்டாலும் கன அளவில் 18 சதவீதம்தான். கலவையின் அடர்த்தி 0.9-லிருந்து 1.24-க்கு ஏறும். தானாவைக் கிலோவில் வாங்குகிறோம், மோல்டு நிரம்புவதோ கன அளவில். ஒரு பீஸுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தால்தான் லாபமா நஷ்டமா என்று தெரியும்.

அடி தாங்காமல் உடைந்த டெஸ்ட் பட்டையை நான் உடனே குப்பையில் போட விடமாட்டேன். உடைந்த முகத்தை லென்ஸில் பார்க்க வேண்டும். பல நேரம் அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். பிரியாமல் கட்டியாகவே நின்றுவிட்ட பவுடர். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பியிருக்கும். துகள் நைசாக இருந்தால் அடி தாங்கும், ஆனால் நைசான பவுடர்தான் சீக்கிரம் கட்டி தட்டும். அதனால்தான் கால்சியம் கார்பனேட்டுக்கு ஸ்டியரிக் ஆசிட் பூச்சு கொடுக்கிறார்கள். டால்க்கை ட்வின் ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடரில், பிளாஸ்டிக் உருகிய பிறகு பக்கவாட்டு ஃபீடர் வழியாக விடுவதே எனக்குப் பிடித்த முறை. சதவீதத்தை மட்டும் கேட்டு ஆர்டர் கொடுப்பவர்கள் இதையெல்லாம் கேட்பதில்லை.

ஸ்க்ரூ துளை உள்ள பார்ட் என்றால், உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் வாயான கேட் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் விசாரிப்பேன். துளையைச் சுற்றி வரும் இரண்டு ஓட்டங்கள் மறுபக்கம் சேரும் வெல்டு லைனில் தகடுகள் அந்தக் கோட்டோடு இணையாகப் படுத்துவிடும், குறுக்கே நின்று இரு பக்கத்தையும் பிணைக்காது. ஸ்க்ரூவை முறுக்கினால் பிளப்பது அங்கேதான். கேட்டை நகர்த்தி அந்தக் கோட்டை இழுப்பு விழாத இடத்துக்குத் தள்ள முடிந்தால், அதே 20 சதவீத டால்க்கை நம்பிப் போடலாம்.