குடித்த தண்ணீருக்கு ஒரு வந்தனம்

காரைக்குடிக்குப் போகிறவர்கள் முதலில் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். நகரத்தார் கட்டிய பெரிய வீடுகள் பல, ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகின்றன. தூண்கள் பர்மாத் தேக்கு. தரையில் பக்கத்து ஆத்தங்குடியில் வார்த்த பூக்கற்கள். வளவின் நடுவே வானம் தெரியும். மழை பெய்தால் ஓரத்தில் அண்டா வைத்துத் தண்ணீர் பிடிப்பார்கள்.

ஆனால் வாசக சகோதரிகளே, வீட்டைப் பார்த்த கையோடு ஊருணியையும் பார்த்துவிட்டு வாருங்கள். செட்டிநாடு வறண்ட சீமை. வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. ஆகையால் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டினார்கள், கல்படி கட்டினார்கள். குடிதண்ணீர் ஊருணியில் துணி துவைக்கக் கூடாது, கால் அலம்பக் கூடாது என்று கட்டுப்பாடு. அதன் அருமை இடுப்புக் குடத்தோடு படியிறங்கிய பெண்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஊருணிக் கரையில் யூதர்களின் ஞாபகம் வருமா? வரத்தான் செய்கிறது. ரங்கூனில் நம் செட்டியார்கள் லேவாதேவி நடத்திய காலத்தில், பாக்தாதிலிருந்து வந்த யூதர்களும் அங்கே வியாபாரம் செய்தார்கள். 1896-இல் அவர்கள் கட்டி முடித்த ஜெபாலயம் இன்றும் அங்கே இருக்கிறது. 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது இரு சாராரிலும் பெரும்பாலோர் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது.

யூதர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. நாளொன்றுக்கு நூறு முறை கடவுளை வாழ்த்த வேண்டும் என்கிறது அவர்களுடைய தால்முத். கண் விழித்ததும் நன்றி, ஒரு வாய் தண்ணீருக்கு ஒரு வாழ்த்து, ரொட்டிக்கு ஒன்று. மாம்பழத்துக்குச் சொல்லும் வாழ்த்து வேறு, வாழைப்பழத்துக்கு வேறு. குலை தள்ளியபின் சாய்ந்துவிடும் வாழையை அவர்கள் மரமாகக் கணக்கிடுவதில்லை! வேடிக்கையாக இருக்கிறதல்லவா? ஆனால், எங்கிருந்து வந்தது என்று யோசிக்காமல் ஒரு பழத்தைக்கூட வாயில் போட முடியாது, பாருங்கள். நன்றிக்கு அவர்கள் வைத்த பெயரே 'நன்மையை அறிதல்'.

அறிந்தால் மட்டும் போதாது. தண்ணீர் குடித்த கிணற்றில் கல்லெறியாதே என்பது அவர்களுடைய பழமொழி. குழந்தை மோசஸைக் கூடையில் வைத்து நைல் நதியில் விட்டார்கள், பிழைத்தார். பின்னாளில் அந்த நதியைக் கோலால் அடித்து ரத்தமாக்க வேண்டி வந்தது. காப்பாற்றிய நீரை அவர் அடிக்கலாகாது என்றுதான் அண்ணன் ஆரோன் அடித்தார் என்று அவர்களுடைய பெரியோர் விளக்கம் சொல்வார்கள்.

நாமும் ஆயுத பூஜையன்று அரிவாள்மணைக்குப் பொட்டு வைக்கிறவர்கள்தாம். ஆனால் வீட்டுக்குக் குழாய் வந்ததும் எத்தனை ஊர்களில் ஊருணியில் குப்பை கொட்டத் துணிந்துவிட்டோம்! அது கல்லெறிவதல்லாமல் வேறென்ன?

காரைக்குடியில் தேக்குத் தூணைத் தொடும்போது, காட்டில் அதை வெட்டிச் சாய்த்தவனையும், வயலை உழுது வட்டி கட்டிய பர்மியக் குடியானவனையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பியதும் ஒரு காரியம் செய்யுங்கள். ராத்திரி சாப்பாட்டின்போது, தட்டில் இருப்பது ஒவ்வொன்றும் எங்கிருந்து, யார் கைப்பட்டு வந்தது என்று குழந்தைகளைக் கேளுங்கள். நூறு வேண்டாம், பத்து பதில் வந்தால் போதும். அவற்றில் ஒன்று, அடுப்படியில் நிற்கும் உங்கள் பெயராகவும் இருக்கும்!