மௌனத்திற்கு எத்தனை சதுர அடி

வீடுகளுக்கு வரைபடம் போடுவது என் தொழில். பூஜை அறை ஈசானிய மூலையில் வரவில்லை என்பதற்காக மாடிப்படியை மூன்று முறை இடம் மாற்றி வரைந்திருக்கிறேன். மாமியாருக்கும் மருமகளுக்கும் தனித்தனிச் சமையலறை கொடுத்து, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே வீடாகத் தெரியும்படியும் செய்திருக்கிறேன். ஆனால் ஒலிப்பதிவகம் ஒன்றை வரைந்து தரும்படி யாரும் கேட்டதில்லை. சென்ற ஆண்டு ஒருவர் கேட்டார். முப்பத்தைந்து ஆண்டுகள் பிறருடைய ஸ்டூடியோக்களில் ஒலிப்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘சார்’ என்றே அழைத்துப் பழக்கம். திரையிசைக் குழுக்களில் வயலின் வாசித்த என் அப்பாவை அவருக்குத் தெரியும் என்பதுதான் எங்களுக்குள் இருந்த உறவு.

“இதுக்குன்னே படிச்சவங்க இருக்காங்களே சார், அவங்ககிட்ட போகலாமே” என்றேன்.

“அவங்க கேக்குற பணத்துல இன்னொரு வீடே கட்டிடலாம் தம்பி. எனக்குச் சத்தம் தெரியும், உங்களுக்குச் சுவர் தெரியும். போதாதா?”

போதாது என்பது முதல் வரைபடத்திலேயே தெரிந்துபோயிற்று.

சாலிகிராமத்தில் ஒரு கிரவுண்டு மனையில் கட்டிய பழைய வீடு அது. ஒரு பக்கத்தில் பத்துக்குப் பத்தாக நான்கு அறைகள், ரயில் பெட்டிகளைப்போல ஒன்றன்பின் ஒன்றாக. மறுபக்கத்தில் 16 அடிக்கு 22 அடியில் கூடம், அதன் பின்னால் சமையலறையும் சாப்பாட்டு அறையும். மாடியில் சாரும் அவர் மனைவியும் குடியிருக்கிறார்கள். ஊரில் இருந்த நிலத்தை விற்ற பணமும் வங்கிக் கடனும்தான் முதலீடு. கடன் மகளின் பெயரில். ஆகவே அந்த வீட்டில் நான் பென்சிலை எடுப்பதற்கு முன்பே இரண்டு வரைபடங்கள் இருந்தன. மகளுடைய வரைபடத்தில் நான்கு அறைகளும் நான்கு குரல் பதிவு அறைகள். கூடத்தை நடுவில் தடுத்தால் இன்னும் இரண்டு கிடைக்கும். டப்பிங், விளம்பரம், ஒலிப்புத்தகம், இணைய உரையாடல் என்று மணிக்கணக்கில் வாடகை வரும். சாருடைய வரைபடத்தில் கூடத்தைத் தொடவே கூடாது. எட்டு வயலின்களாவது அங்கே ஒன்றாக உட்கார வேண்டும்.

நான் மகளின் கட்சியில்தான் முதலில் இருந்தேன். தவணை கட்டப்போவது அவர்தானே.

அறைகளைப் பார்க்கப் போனபோது சார் என்னை இரண்டாவது அறையின் மூலையில் நிற்கவைத்தார். தாம் எதிர் மூலையில் நின்றுகொண்டு, வாயை மூடியபடி கீழ் ஸ்தாயியில் மெல்ல மெல்ல இறங்கி முனகினார். ஓரிடத்தில் அறையும் அவரோடு சேர்ந்து முனகத் தொடங்கியது. ஜன்னல் கம்பி அதிர்ந்ததாகக்கூட எனக்குப் பிரமை. இறங்கிவிட்டால் அடங்கிவிடுகிறது, மீண்டும் அதே இடத்திற்கு வந்தால் மீண்டும் வீங்குகிறது. பிறகு ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,130 அடி செல்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே போய்த் திரும்ப 20 அடி. ஆக, நொடிக்கு 56 அதிர்வு உள்ள ஸ்வரமும் அதன் இரட்டிப்பான 112ம் அந்த அறையில் தங்கிப் பெருக்கும். சாதாரண அறையென்றால் நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று என்று இந்தப் பெருக்கம் வெவ்வேறு இடங்களில் பரவிவிடும். நீளமும் அகலமும் உயரமும் பத்தடியாகவே இருந்தால் மூன்றும் ஒரே ஸ்வரத்தில் வந்து குவியும். பேஸ் கிதாரின் ‘ஏ’ தந்தி 55 அதிர்வு. அதை இங்கே மீட்டினால், கல்யாண வீட்டுச் சித்தப்பாவைப்போல அந்த ஒரு ஸ்வரம் மற்ற யாரையும் பேசவிடாது. எத்தனை பேருக்கு ‘லட்சணமான சதுர அறை’ என்று சொல்லிப் பத்துக்குப் பத்து போட்டுக் கொடுத்திருக்கிறேன்!

அதற்கு அடுத்த பாடம் இன்னும் கசப்பானது. ஓர் அறையின் சத்தம் அடுத்த அறைக்குப் போகாமலிருக்கச் சுவரைத் தடிமனாக்கினால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் கோட்பாட்டின்படி கிடைக்கும் லாபம் 6 டெசிபல்தான். ஒன்பது அங்குலச் சுவரைப் பதினெட்டு அங்குலமாக்கி அந்த ஆறை வாங்குவதைவிட, அறைக்குள் இன்னொரு அறையைக் கட்டிவிடுவது மேல். உள் அறையின் தரை ரப்பர் மெத்தைகளின் மேல் மிதக்க வேண்டும். அதன் சுவர்கள் அந்தத் தரையின் மேல் நிற்க வேண்டும், கூரை அந்தச் சுவர்களின் மேல். வெளிச்சுவரை எங்கும் தொடக்கூடாது. இடைவெளி, ஜிப்சம் பலகை, அதன்மேல் ஒலியை உறிஞ்சும் பஞ்சு என்று பக்கத்துக்கு ஒன்பது அங்குலம் போய்விடுகிறது. பத்துக்குப் பத்து அறை எட்டரைக்கு எட்டரையாகச் சுருங்குகிறது. நூறு சதுர அடியில் மிஞ்சுவது 72. எஞ்சிய 28 சதுர அடியை மௌனம் தின்றுவிட்டது. நான்கு அறைக்கும் கணக்குப் பார்த்தால் 112 சதுர அடி, ஓர் அறைக்கும் மேலே! மகளிடம் இதைச் சொன்னபோது அவர் கைபேசியில் பெருக்கிப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமே இல்லாததுக்கு இவ்ளோ வாடகையா?” என்றார். நல்ல கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

இத்தனையும் செய்துவிட்டுக் கதவடியில் இடுக்கு விட்டால் எல்லாம் பாழ். ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மற்ற தொண்ணூற்றொன்பது பங்கும் கருங்கல்லாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் அந்தச் சுவரால் தடுக்க முடியாது.

நடுவில் சாருக்கு ஓர் ஆசை வந்தது. கூடத்தின் கூரை பத்தடிதான், வயலின்களுக்கு உயரம் போதாது. தரையை மூன்றடி தோண்டி இறக்கினால் என்ன? தோண்டிய ஸ்டூடியோ ஒன்றின் கதையை அவருக்குச் சொன்னேன். நியூயார்க்கில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இரவு விடுதி திறப்பதற்காக வாங்கிய நிலவறையை, ஜான் ஸ்டோரிக் என்ற இளம் கட்டடக் கலைஞர் எலெக்ட்ரிக் லேடி ஸ்டூடியோவாக மாற்றினார். கட்டும்போதுதான் அடியில் மினெட்டா என்ற பழைய ஓடை இருப்பதன் விபரீதம் புரிந்தது. வெள்ளம் புகுந்தது, வேலை தாமதமானது, பம்பு வைத்து நீரை இறைக்க வேண்டியிருந்தது. ஒருவழியாக 1970 ஆகஸ்ட் 26 அன்று திறப்பு விழா நடந்தது. செப்டம்பர் 18 அன்று ஹெண்ட்ரிக்ஸ் இறந்துபோனார். சார் நீண்ட நேரம் பேசவில்லை. 2015 டிசம்பரில் அவர்கள் தெருவில் முழங்காலளவு நீர் நின்றது; அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தோண்டும் பேச்சு அன்றோடு நின்றது.

கூடத்தைப் பற்றிய வழக்கு மட்டும் நிற்கவில்லை. சார் லண்டனின் அபே ரோடு ஸ்டூடியோவைச் சாட்சிக்கு அழைப்பார். 1931ல் திறந்தபோதே அங்கே பெரிது, நடு, சிறிது என்று மூன்று கூடங்கள் இருந்தன. எத்தனை பேர் சேர்ந்து உட்காருவார்கள் என்பதிலிருந்து தொடங்கிய திட்டம் அது. பீட்டில்ஸ் பெரும்பாலும் பாடிய இரண்டாம் எண் கூடம் சுமார் 60 அடி நீளம், 38 அடி அகலம். கட்டுப்பாட்டு அறை மேலே. பொறியாளர் படியிறங்கித்தான் பாடகர்களிடம் வரவேண்டும். மகள் இதற்கெல்லாம் அசரவில்லை. “அப்பா, ரோஜா பாட்டெல்லாம் வீட்டுப் பின்னால கட்டின ஸ்டூடியோலதானே பதிவாச்சு? நீங்களேதானே சொன்னீங்க?” என்றார். சொன்னதுதான். 1992க்குப் பிறகு எண்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கும் அவசியம் குறைந்துகொண்டே வந்ததை அருகிலிருந்து பார்த்தவர் அவர்.

நானும் பார்த்தேன், வீட்டுக்குள்ளிருந்து. எண்பதுகளில் அப்பா காலை ஏழு மணிக்குப் போனால் இருட்டிய பின்தான் வருவார். வந்ததும் அன்று யார் தாளம் தப்பினார்கள், யார் யாரைக் கண்ணால் எச்சரித்தார்கள் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். தொண்ணூறுகளின் பிற்பாதியில் அழைப்புகள் மாதத்திற்கு ஒன்றிரண்டாயின. ஒருநாள் சிறிய ஸ்டூடியோ ஒன்றிலிருந்து அழைத்திருந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிட்டார். ஜன்னல் இல்லாத அறை. காதில் ஹெட்ஃபோன். ஒரே வரியை ஆறு தடவை தனியாக வாசித்தாராம். ஆறையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆறு வயலின்களாக்கிக் கொள்வார்களாம். சம்பளத்தில் குறையில்லை. “என்னோட நானே கோரஸ் பாடிட்டு வந்தேன்” என்று மட்டும் சொன்னார். அன்று யாரைப் பற்றியும் கதை இல்லை.

சாருக்கு இது தெரியாது. அந்த வரைபடத்தை வரைந்த இரவுகளில் நான் மகளின் கட்சியிலிருந்து மெல்ல நழுவியதற்குக் காரணம் அபே ரோடு அன்று. ஆனாலும் தவணைக் கணக்கு பொய்யாகிவிடவில்லை.

நான்காவது வரைபடத்தில் ஒரு வழி கிடைத்தது. 10, 16, 22 என்பவை ஒன்றுக்கொன்று மடங்கல்ல. ஆகவே கூடம் இருக்கும் வடிவத்திலேயே வாசிப்பதற்குத் தோதானது. அதைத் தடுக்கவில்லை. பின்னாலிருந்த சமையலறையையும் சாப்பாட்டு அறையையும் இணைத்தால் கட்டுப்பாட்டு அறை. இரண்டு ஒலிபெருக்கிகளும் கேட்பவரின் தலையும் சம பக்க முக்கோணமாக அமைய வேண்டும், இடமும் வலமும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதால் அதன் நடுக்கோட்டைக் கூடத்தின் நடுக்கோட்டோடு சேர்த்தேன். ரயில் பெட்டிகளில் முதலாவது அலுவலகமும் காத்திருக்கும் இடமும். இரண்டாவதும் நான்காவதும் குரல் அறைகள். மூன்றாவது அறை இசைக்கருவிகளும் கேபிள்களும் வைக்கும் கிடங்கு. உண்மையில் அது இரு குரல் அறைகளுக்கும் நடுவே போட்ட தடிமனான சுவர்தான். வாடகை தராத சுவர் என்று மகளுக்குத் தெரிந்தபோது அரைமணி நேரம் வாதாட வேண்டியிருந்தது.

எதிர்பாராத எதிர்க்கட்சி மாடியில் இருந்தது. அம்மாவின் மாவரைக்கும் கிரைண்டர்! கல் உருளும் அதிர்வு தளத்தின் வழியே இறங்கி நான்காவது அறையில் தெளிவாகக் கேட்டது. கிரைண்டரை அலுவலகத்துக்கு மேலே வரும் பால்கனிப் பக்கம் மாற்றச் சொன்னோம். “நாற்பது வருஷமா இவருக்காக வாயை மூடிட்டு இருந்தது போதாதுன்னு இப்ப மாவும் அரைக்கக் கூடாதா?” என்றார். ராத்திரி ஒன்பதுக்கு மேல் அரைப்பது என்று ஒப்பந்தமாகியிருக்கிறது.

நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வீடு வரையும் பழக்கத்தில், இரண்டாவது அறைக்கும் கூடத்திற்கும் பொதுவான சுவரில் சுவிட்சுப் பெட்டிகளை முதுகோடு முதுகாகப் போட்டிருந்தேன். வயர் மிச்சம். உள் அறை கட்டி முடித்த அன்று, கூடத்தில் வானொலியை அலறவிட்டு இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினோம். நிசப்தம். சார் சுவரோரமாக நடந்தார், சுவிட்சுப் பெட்டியருகே குனிந்து காதை வைத்தார், என்னையும் அழைத்தார். இரு சுவர்களையும் துளைத்துச் சென்ற குழாய் வழியாக அறிவிப்பாளர் வெங்காய விலை சொல்லிக்கொண்டிருந்தார். பலகையைப் பெயர்த்து, பெட்டிகளைத் தள்ளி வைத்து, ஓட்டைகளை அடைக்க ஆன செலவை என் கூலியில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். மகள் கழித்துக்கொண்டார். நியாயம்தான்.

இப்போது மீதியிருப்பது அதே சுவரில் நான் வரைந்த ஜன்னல். இரண்டாவது அறையில் தனியாகப் பாடுபவரோ வாசிப்பவரோ, கூடத்தில் இருப்பவர்களையும் அதற்கப்பால் இன்னொரு கண்ணாடி வழியே கட்டுப்பாட்டு அறையையும் பார்க்கலாம். உள் சுவரில் ஒரு கண்ணாடி, வெளிச்சுவரில் ஒரு கண்ணாடி. இரண்டும் வெவ்வேறு தடிமன், சட்டங்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது. அதே அளவு சுவரைப் போலப் பல மடங்கு விலை. ஒரு கேமராவும் திரையும் வைத்தால் போதாதா என்கிறார் மகள். பதிவாகும் ஒலியில் அந்த ஜன்னலால் எந்த முன்னேற்றமும் இல்லை, கொஞ்சம் சேதாரம்தான் என்பதை நான் அவரிடம் மறைக்கவில்லை. சார் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார்.

நான்குக்கு மூன்றடி திறப்பை விட்டுத்தான் சுவர் எழுப்பியிருக்கிறோம். கடனின் அடுத்த தவணை வந்ததும் முடிவு செய்யலாம் என்று இப்போதைக்கு ப்ளைவுட் பலகையால் மூடி வைத்திருக்கிறார்கள். சென்ற வாரம் போனபோது பலகை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கூடத்தில் வேலையாட்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்த பையன் அந்த இடுக்கு வழியே கையை நீட்டி ஊறுகாய் கேட்டான்.