எந்த வருஷத்து வண்டி?

“மிதிச்சிராதிய தம்பி!”

அண்ணாச்சி என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். வணக்கம் சொல்லும் முன்பே என் வலது கால் கிக்கர்மேல் ஏறியிருந்தது. புல்லட் நிற்பதைப் பார்த்தால் சிலருக்குக் கால் அப்படிப் போய்விடும். பதினெட்டு வருஷம் மாட்டுத் தொழுவத்தில் நின்ற வண்டி அது. சிலிண்டருக்குள் பிஸ்டன் வளையங்கள் துருவோடு துருவாக ஒட்டிப் பிடித்திருக்கும். மிதித்தால் ஒடிவது வளையமா கிக்கர் பல்லா என்று சொல்ல முடியாது. “பழைய வண்டிய எழுப்புதேன்னு வாரவன் மொத நாளே கொன்னுருவான்” என்றார் அண்ணாச்சி. காலை எடுத்துக்கொண்டேன்.

சாத்தான்குளம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு 2020 ஜூனில் போலீஸ் காவலில் ஒரு தந்தையும் மகனும் பட்ட பாடும் அவர்கள் சாவும்தான் நினைவுக்கு வருகின்றன. ஊரும் அதை மறக்கவில்லை. நான் போனது வேறு காரியத்துக்கு. கடைவீதியை விட்டு உள்ளே தள்ளி, வீட்டுக்குத் தென்புறம் தகரம் வேய்ந்த ஒரு சாய்ப்பு. பெயர்ப்பலகை கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் எடுப்பார். பேரையும் போட வேண்டாம் என்றார். “போட்டீயன்னா நாலு பேரு வண்டியக் கொண்டாந்து சாத்திட்டுப் போயிருவான்.”

அவர் ஃபிட்டர் வேலை படித்தது நாசரேத்தில். கானன் மர்காஷிஸ் 1878இல் அங்கே ஆரம்பித்த ஆர்ட் இண்டஸ்ட்ரியல் பள்ளியிலிருந்து தச்சனும் கொல்லனும் கடைசல்காரனுமாக இந்தப் பக்கம் எத்தனையோ தலைமுறை வெளியே வந்திருக்கிறது. முதல் ஆறு மாதம் கையில் அரத்தைத் தவிர வேறெதுவும் கொடுக்கவில்லையாம். ஒரு இரும்புத் துண்டைச் சதுரமாக ராவு, ராவு என்று உயிரை வாங்கினார்களாம். அதன் பிறகு தூத்துக்குடியில் ஒரு பட்டறையில் முப்பது வருஷம். ஓய்வு பெற்ற பின்தான் இந்தச் சாய்ப்பு.

வண்டி 1974 மாடல் புல்லட் 350. சொந்தக்காரர் கருப்பட்டி வியாபாரி, காலமாகிவிட்டார். உடன்குடிக்கும் திசையன்விளைக்கும் பனங்காட்டுப் பாதைகளில் இதை ஓட்டித்தான் பிழைத்திருக்கிறார். தூத்துக்குடி மாவட்டமே 1986இல்தான் பிரிந்தது என்பதால் ஆர்.சி. புத்தகத்தில் திருநெல்வேலி முத்திரை. மகன் பெங்களூரில் கணினி வேலையில் இருக்கிறார். அப்பா வண்டியை ஓடவைக்க வேண்டும் என்று போன வருஷம் திடீரென்று தோன்றியிருக்கிறது. நாற்பது தாண்டிய ஆண்களுக்கு இது வருகிறது, எனக்கும் வந்திருக்கிறது.

முதல் வாரம் வேலை என்று சொல்ல ஒன்றுமில்லை. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டு விட்டுவிட்டார். தினமும் காலையில் வண்டியை நாலாவது கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மயிரிழை முன்னே, மயிரிழை பின்னே அசைத்துப் பார்ப்பார். அசையாவிட்டால் காப்பி குடிக்கப் போய்விடுவார். நான் போன ஒன்பதாம் நாள் டயர் அரை அங்குலம் நகர்ந்தது. அண்ணாச்சி முகத்தில் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. காப்பியில் மட்டும் அன்றைக்குக் கூடுதலாகக் கருப்பட்டி.

பிறகு பிரிக்கத் தொடங்கினார். ஏர் ஃபில்டரைத் திறந்ததும் ஒரு கைப்பிடி செம்மண் கொட்டியது. தேரி மண். ஆடிக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து இந்தப் பக்கத்துச் செம்மணல் மேடுகளை வருஷாவருஷம் கிளறிப் போடும். மணலின் சிவப்புக்குக் காரணம் ஒவ்வொரு மணியின் மேலும் படிந்திருக்கும் இரும்பு ஆக்ஸைடு. துருவும் அதே சாதிதான். பிரேக் டிரம்முக்குள் இருந்ததில் எது துரு, எது தேரி என்று விரலில் தேய்த்துப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. “தேரின்னா நறநறன்னும், துரு மாவு மாரி இருக்கும்” என்று சொல்லிக்கொடுத்தார். செயினில் ஏறிய தேரி மண் கிரீஸோடு சேர்ந்து அரைத்து அரைத்து, பின் ஸ்பிராக்கெட்டின் பற்களைச் சுறாப்பல் போலக் கூராக்கியிருந்தது.

பெட்ரோல் டேங்கின் உட்புறத் துருவை எடுக்க அவர் வைத்தியம் புளி. இரண்டு கிலோ புளியைக் கரைத்து ஊற்றி, ஒரு பிடி பழைய நட்டுகளைப் போட்டு, மூன்று நாள் ஊறவைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். பித்தளைக் குத்துவிளக்குத் துலக்குகிற சங்கதிதான். “கள்ளு இறக்குன காலத்துல காடி இருக்கும், இன்னும் சீக்கிரம் அரிக்கும். 87ல நிப்பாட்டிட்டான்லா” என்று மதுவிலக்குச் சட்டத்தின் மீது யாரும் வைக்காத ஒரு புகாரை வைத்தார். புளித்தண்ணீரைக் கொட்டியபின் சோடா உப்புக் கரைசலில் அலசி, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே ஆயில் கலந்த பெட்ரோலை உள்ளே சுழற்றிவிட வேண்டும். ஒரு ராத்திரி வெறுமனே விட்டால் மணப்பாட்டிலிருந்து வருகிற உப்புக் காற்றில் மறுநாள் காலையில் மறுபடியும் மஞ்சள் பூத்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது எஞ்சினைப் பிரித்த இரண்டு நாட்கள். பழைய மெக்கானிக்குகளின் கைவேலை ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கிளட்ச் பக்கத்து மூடிக்கு கேஸ்கட்டாகச் சிவகாசிக் காலண்டர் அட்டை. அதில் முருகனின் மயில் பாதி தெரிந்தது. காட்டர் பின் இருக்க வேண்டிய இடத்தில் மடக்கிய சைக்கிள் கம்பி. ஆக்ஸிலேட்டர் கேபிளைச் சட்டத்தோடு சேர்த்துப் பனைநாரால் கட்டியிருந்தார்கள்; ஐம்பது வருஷத்தில் எது எது அற்றதோ, நார் அறவில்லை. நட்டுகளின் மூலைகள் பெரும்பாலும் மழுங்கிக் கிடந்தன. இங்கிலாந்து வடிவமைப்பு என்பதால் இதில் மரையெல்லாம் அங்குலக் கணக்கு. அவசரத்துக்கு மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகியவர்களும், அதுவும் இல்லாமல் உளியை வைத்துத் தட்டியவர்களும் தங்கள் அடையாளத்தை விட்டுப் போயிருந்தார்கள். மழுங்கியவற்றைக் கழற்ற அண்ணாச்சி கேஸ் விளக்கால் சூடேற்றி, மெழுகுவர்த்தியை மரைமேல் தேய்த்தார். உருகிய மெழுகு உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டு தட்டு, கழன்றுவிடுகிறது.

பிஸ்டன் தலையைத் துடைத்தபோது ‘40’ என்ற எண் தெரிந்தது. ஆலையிலிருந்து வரும்போது இந்தச் சிலிண்டரின் துளை 70 மில்லிமீட்டர். தேயத் தேயப் போர் அடித்து அகலப்படுத்தி, பெரிய பிஸ்டன் போடுவார்கள்: ஆயிரத்தில் இருபது அங்குலம், நாற்பது, அறுபது. அதற்கு மேல் போனால் சிலிண்டருக்குள் ஸ்லீவ்தான் இறக்க வேண்டும். ஆக இந்த வண்டிக்கு இன்னும் ஒரு போர் மிச்சம். “அண்ணாச்சிமாருக்கு ஸ்டண்டு வைக்கிற மாரிதான்” என்று சொல்லி, சிலிண்டரைச் சாக்கில் சுற்றித் தூத்துக்குடி கடைசல் பட்டறைக்குக் கொடுத்துவிட்டார். கூடவே கான்ராடும் போனது, பிக் எண்ட் புஷ் மாற்ற.

இத்தனை பழைய வண்டிக்கு உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். புல்லட்டுக்கு மட்டும் அந்தக் கவலை குறைவு. இந்திய ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு வண்டி தேவைப்பட்டதால் 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின, திருவொற்றியூரில் ஆலை. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைக் கோத்தார்கள், பிறகு எல்லாமே இங்கேயே வார்க்கப்பட்டது. 1970 வாக்கில் இங்கிலாந்தில் கம்பெனியே மூடிவிட்டது. தாய்வீடு இடிந்துபோனது தெரியாத பிள்ளை மாதிரி திருவொற்றியூர் அதே வண்டியை அதே அச்சில் போட்டுக்கொண்டிருந்தது. 1977இல் அதை இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் செய்தது. அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் 2010 வாக்கில்தான் நின்றது. அதனால் அப்பன் வண்டியின் பாகம் பேரன் வண்டிக்குப் பெரும்பாலும் பொருந்தும். இதே காலத்து ராஜ்தூத்தையோ எஸ்டியையோ வைத்திருப்பவர் பழைய இரும்புக் கடைகளில்தான் தவம் கிடக்க வேண்டும்.

ஆக, இரும்பு வேலையில் சண்டை இல்லை. சண்டை வந்தது பெயிண்டில்.

டேங்கின் இரண்டு பக்கமும் முழங்கால் படுகிற இடத்தில் கறுப்புப் போய், தகரம் தெரிந்து, அதுவும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. மகன் பெங்களூரிலிருந்து போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “மாமா, டேங்கைத் தொட்றாதீங்க. அப்படியே இருக்கட்டும். அப்பாவோட கால் பட்ட இடம்.” நானும் அவர் கட்சிதான். தேய்மானத்தின் மேல் பெயிண்ட் அடிப்பது, கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடிப்பது போல என்று அண்ணாச்சியிடம் கொஞ்சம் பிரசங்கம்கூடச் செய்தேன்.

போதாததற்குச் சட்டமும் எங்கள் பக்கம் இருப்பதாகத் தோன்றியது. மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு நடந்து 50 வருஷம் கடந்த வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்து ‘வி.ஏ.’ எழுத்துள்ள நம்பர் பலகை வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய். சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. மகனுக்கு அதில் ஆசை. அண்ணாச்சி முழுவதையும் கேட்டுக்கொண்டார். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும்தான் ரோட்டில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்ட முடியாது என்ற இடம் வந்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

“பெட்ரோல் போடப் போலாம். கருப்பட்டி வாங்கப் போவக் கூடாது. அப்பம் பெட்ரோல் எதுக்குத் தம்பி?”

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் டேங்க் விவகாரத்தை முடித்து வைத்தது மகனின் அம்மா. எழுபதைத் தாண்டியவர், தெருமுனையில்தான் வீடு. ஒரு மத்தியானம் குடையோடு வந்து, பிரித்துப் போட்டிருந்த வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

“என்ன தம்பி, டேங்குக்குப் பெயிண்ட் அடிக்கலியா?”

“இல்லக்கா, ஒங்க மவன் அப்படியே விடச் சொல்லுதான்.”

“அவன் கெடக்கான்.” அந்த அம்மா டேங்கை விரலால் தொட்டுப் பார்த்தார். “இது வந்தப்போ மொகம் பாக்கலாம் இதுல. எனக்குக் கலியாணமாகி ஒரு வருசம். கோயிலுக்குப் போறேன், திருச்செந்தூருக்குப் போறேன்னு கெளம்புனா, இதுல பாத்துத்தான் பொட்டு வச்சுக்கிடுவேன். அவன் பொறந்ததே அதுக்கு ஏழு வருசம் கழிச்சுலா. அவனுக்கு இந்தச் சொறி புடிச்ச டேங்குதான் தெரியும். சவத்த, நல்லா அடிச்சிருங்க.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். என்னிடம் பதில் இல்லை. கல்வெட்டு, சுண்ணாம்பு எல்லாம் எங்கேயோ போய்விட்டது. நானும் மகனும் ‘ஒரிஜினல்’ என்று கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது 1990களின் வண்டியை. அந்த அம்மா கேட்டது 1974 வண்டியை. வியாபாரி உயிரோடு இருந்து கேட்டிருந்தால், பாதிச் சுமை குறைந்து லகுவாக ஓடிய ஏதோ ஒரு நடுவருஷத்து வண்டியைச் சொல்லியிருப்பாரோ என்னவோ. பழசின் தேய்மானம் அழகாகத் தெரிவது, புதுசாக அதைப் பார்த்திராத எங்களுக்குத்தான்.

டேங்க் கறுப்பாயிற்று. தங்கக் கோடு போட அண்ணாச்சி கூட்டிவந்தவர் ஒரு பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு தூரிகையை மூட்டை கட்டிவிட்டுப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். திருவொற்றியூர் ஆலையிலும் இந்தக் கோட்டை ஒரே குடும்பத்து ஆட்கள் தலைமுறையாகக் கையால்தான் போட்டு வந்தார்கள். நம்மவர் நீண்ட முடியுள்ள பிரஷ்ஷைத் தங்க மையில் தோய்த்து, சுண்டு விரலை டேங்க் ஓரத்தில் முட்டுக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தார். இரண்டாவது கோட்டுக்கு முன்னால் ஒரு பீடி.

மகனுக்காக அண்ணாச்சி ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். டூல் பாக்ஸ் மூடியின் உட்புறத்தில் ஆணியால் கீறிய எண்கள் ஏழெட்டு வரிசை இருந்தன. ஆயில் மாற்றியபோதெல்லாம் வியாபாரி குறித்துவைத்த கிலோமீட்டர் கணக்கு. அந்த உட்புறத்தில் பெயிண்ட் படவில்லை. எல்லாம் முடிந்தபின் அடியில் இவரும் ஒரு எண்ணைக் கீறினார். ஆயில் மாற்றினால் எழுதத்தானே வேண்டும் என்றார்.

டைமிங் வைத்தது ஒரு ஞாயிறு காலை. பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். சிகரெட் டப்பாவின் மெல்லிய உள்தாளைக் கீறி, பாயிண்ட்களுக்கு இடையே வைத்துப் பிடித்துக்கொண்டு எஞ்சினை மெதுவாகச் சுற்றினார். எந்தக் கணத்தில் தாள் லேசாக உருவி வருகிறதோ அதுதான் நேரம். பிறகு என்னைக் கூப்பிட்டார். “இப்பம் மிதிங்க.” கிக்கரை மெல்ல அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வருகிற இடத்தில் நிறுத்தி, டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து ஒரு இஞ்ச் தாண்டி, விட்டு, மிதிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு தடவை மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கார்புரேட்டரைக் கழற்றினால் ஜெட்டில் ஒரே ஒரு தேரி மணல். ஊதிவிட்டு மாட்டிய பிறகு பிடித்தது.

மகன் நாலு நாள் லீவில் வந்தார். டேங்கைப் பார்த்து முகம் சுண்டியது. அம்மா பக்கத்தில் நின்றதால் பேசவில்லை. வண்டியில் பெங்களூருக்கே போய்விடுவதாகத் திட்டம். அண்ணாச்சி சாவியைத் தராமல் நின்றார். போர் அடித்த எஞ்சின். முதல் 500 கிலோமீட்டருக்கு நாற்பதைத் தாண்டக் கூடாது. பெங்களூருக்கு நாற்பதில் போனால் லீவு முடிந்துவிடும். அதனால் நாலு நாளும் இங்கேயே, உடன்குடிக்கும் திரும்பவும், திருச்செந்தூருக்கும் திரும்பவும். அந்தக் காலத்து வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. முதல் நாள் வளைவில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிட்டாராம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான் ஊர் திரும்ப பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். உடன்குடிச் சாலையில் முன்னால் அந்தப் புல்லட் போய்க்கொண்டிருந்தது. பின்னால் அம்மா ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தார். டிரைவர் ஹாரன் அடித்து முந்தினார். நான் ஜன்னல் வழியே கையாட்டினேன், இருவரும் கவனிக்கவில்லை. எங்களுக்கும் பின்னாலிருந்து வாழைத்தார் நாலு கட்டிய ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வந்து, அதையும் தாண்டிக்கொண்டு போனது.