ஒன்பதாவது கம்பி

பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் பேருந்தில் ஒருநாள் என்னருகே அமர்ந்த கணிப்பொறி மாணவர், "ஐயா, எங்கள் பாடத்திலும் ஒரு பஸ் ஓடுகிறது" என்றார். கணிப்பொறியின் உறுப்புகளிடையே செய்தியைச் சுமக்கும் கம்பித் தொகுதிக்கு அப்பெயராம். தமிழில் அதனைப் பாட்டை என்பர்.

ஒரு கம்பி சுழியத்திலிருந்து ஒன்றுக்கோ, ஒன்றிலிருந்து சுழியத்திற்கோ மாறும்போதுதான் மின்னாற்றல் மிகுதியாகச் செலவாகிறது. எனவே மாற்றங்களைக் குறைத்தால் மின்சாரம் மிச்சமாகும். இதற்கென மிர்சியா ஸ்டான், வெய்ன் பர்லசன் என்னும் அறிஞர் இருவர் 1995இல் எளிய வழியொன்றை வெளியிட்டனர். எட்டுக் கம்பிகளும் சுழியமாய் இருக்க, அடுத்த செய்தி 11111110 என்க. ஏழு கம்பிகள் மாற வேண்டும். அதனைத் தலைகீழாக்கி 00000001 என அனுப்பினால் ஒன்று மட்டுமே மாறும். 'இது தலைகீழ்' என்று அறிவிக்க ஒன்பதாவது கம்பி ஒன்று. அதையும் சேர்த்து மாற்றங்கள் இரண்டே! இம்முறையை ஒத்ததோர் ஏற்பாடு டி.டி.ஆர்.4 நினைவகங்களிலும் உண்டு.

"அந்த ஒன்பதாவது கம்பி அறுந்தால்?" என்று கேட்டேன். "பொருளே மாறிவிடும், ஐயா" என்றார்.

என் நெஞ்சு 1988க்குச் சென்றது. அத்தா அயல்நாட்டில் உழைத்த காலம். சொல்லுக்குச் சொல் காசு வாங்கிய தந்தியில், அத்தாவின் தாயாருக்கு உடல்நலமில்லை என்று மட்டும் அம்மா தெரிவித்தார். 'புறப்பட வேண்டாம்' என்பதைச் சிக்கனம் கருதி விட்டுவிட்டார். கடன்பட்டு ஓடிவந்த அத்தா, திண்ணையில் அமர்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த தம் தாயைக் கண்டார். மகிழ்ந்தார், ஆனால் திரும்பிச் சென்றபோது அவருடைய வேலை பிறர்க்குப் போயிருந்தது. அத்தா ஒருநாளும் கடிந்துரைத்ததில்லை. அம்மாவோ இறுதிவரை அந்த இரு சொற்களை மறக்கவில்லை.

குறைந்த சொற்களில் உரைப்பதை நூலின் அழகாகப் போற்றினார் நன்னூல் தந்த பவணந்தியார். அதனோடு விளங்க உரைப்பதையும் சேர்த்தே வைத்தார். ஆண்டுதோறும் வகுப்பில் அவ்விரண்டையும் ஒப்பித்த எனக்கு, அவை ஏன் அடுத்தடுத்து நிற்கின்றன என்பதை அம்மாணவரே விளக்கினார்.

மாணவச் செல்வங்களே, மின்சாரமாயினும் பணமாயினும் சொல்லாயினும் சிக்கனம் நன்றே. ஆயினும், பொருளைக் காக்கும் ஒன்பதாவது கம்பியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்!