கற்கத் தயாரானவர் கற்பிக்கப் போகலாம்

1890-இல் லஃப்காடியோ ஹெர்ன் மேற்கு ஜப்பானின் மட்சுவே நகரத்துக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனார். கிரேக்கத் தீவு ஒன்றில் பிறந்து, டப்ளினில் வளர்ந்து, அமெரிக்கப் பத்திரிகைகளில் எழுதிப் பிழைத்தவர். ஆசிரியப் பயிற்சி ஏதும் இல்லை. அங்கே கோய்சுமி செட்சு என்ற பெண்ணை மணந்தார். பின்னர் ஜப்பானியக் குடியுரிமை பெற்று கோய்சுமி யாகுமோ ஆனார். அந்நாட்டின் பேய்க்கதைகளை உலகுக்கு எடுத்துச் சொன்னார். மட்சுவேயில் அவர் குடியிருந்த வீட்டைப் பயணிகள் இன்றும் போய்ப் பார்க்கிறார்கள். மட்சுவேயிலிருந்து அவர் குமமோட்டோவில் ஒரு பள்ளிக்கு மாறினார். அவர் அதைவிட்டு நீங்கியபின், 1896-இல் அதே பள்ளிக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்தவர் ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெகி. 1903-இல் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்திலும் ஹெர்னின் இடத்துக்கு சோசெகிதான் வந்தார். ஹெர்ன் போவதை மாணவர்கள் விரும்பவில்லை. புதியவரை அவர்கள் மனம் எளிதில் ஏற்கவும் இல்லை. ஒருவருக்கு ஆங்கிலம் வீட்டு மொழி. மற்றவர் அதைப் பாடமாகப் படித்து, லண்டனில் இரண்டாண்டு தங்கிக் கற்றுத் திரும்பியவர். இந்த இருவரில் யாரிடம் ஆங்கிலம் படிப்பது நல்லது என்று அந்த மாணவர்கள் எழுப்பிய கேள்வி இன்றுவரை தீரவில்லை. பட்டப்படிப்பை முடித்துவிட்டு, வெளிநாடு போய் ஆங்கிலம் கற்பிக்கலாமா என்று யோசிக்கும் ஒவ்வோர் இளைஞர் முன்னும் அது வந்து நிற்கிறது.

இன்று அதற்கான வாசல்கள் பல. ஜப்பான் அரசின் ஜெட் திட்டம் 1987-இல் நான்கு நாடுகளிலிருந்து 848 பேரோடு தொடங்கியது. இப்போது சுமார் ஐம்பது நாடுகளைச் சேர்ந்த 5,000-க்கும் மேற்பட்டவர்கள் அதில் இருக்கிறார்கள். தென்கொரியாவின் எபிக் திட்டம் 1995-இல் வந்தது. அமெரிக்காவின் பீஸ் கோர் 1961 முதலே இளைஞர்களை உலகின் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு அனுப்பிவருகிறது. இவை போக, கிழக்கு ஆசியா முழுவதும் தனியார் ஆங்கில நிலையங்கள் இருக்கின்றன. போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகலாம். ஆனால் ஆங்கிலம் சரளமாக வரும் என்பது மட்டும் போதுமான தகுதி ஆகாது. போகிற ஊரின் மொழியைப் பிழையோடு பேசித் திருத்திக்கொள்ள, அங்குள்ள ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள, சில காலம் மாணவராக வாழ யார் தயாரோ அவர்தான் போக வேண்டும். அந்தத் தயார்நிலை இல்லாதவர் வேறு வழியில் உலகம் சுற்றிப் பார்ப்பதே நல்லது. அவருக்கும் நல்லது, பிள்ளைகளுக்கும் நல்லது.

இப்படிச் சொல்ல முதல் காரணம் அந்த வேலையின் இயல்பு. ஜெட் திட்டத்தைப் பற்றி டேவிட் மெக்கானெல் 2000-இல் வெளியிட்ட ஆய்வு நூல், அதன் பிறப்பை விளக்குகிறது. 1980-களில் அமெரிக்காவுடன் வர்த்தக உரசல் முற்றியிருந்தது. ஜப்பான் தன்னிலேயே அடைபட்ட நாடு என்ற விமர்சனமும் எழுந்தது. அதற்கு அன்றைய பிரதமர் நாகசோனேயின் அரசு தந்த விடைகளில் ஒன்றாக இத்திட்டம் உருவானது. ஊருக்கு ஊர் வெளிநாட்டவரோடு பழகும் வாய்ப்பை உண்டாக்குவது அதன் நோக்கங்களில் முக்கியமானது. ஆகவே பெரும்பாலோருக்குத் தரப்படும் பதவி உதவி மொழி ஆசிரியர். பாடத்தை நடத்தும் பொறுப்பு ஜப்பானிய ஆசிரியருடையது. பணியிடமும் டோக்கியோவாக இருக்க வேண்டியதில்லை. பனி மூடும் வடக்கு ஊராகவோ தெற்கே ஒரு சிறு தீவாகவோ இருக்கலாம். அங்கே பிள்ளைகள் தங்கள் வகுப்பறையைத் தாங்களே துடைக்கிறார்கள். மதிய உணவைத் தாங்களே பரிமாறி ஆசிரியரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். விளையாட்டு விழாவுக்கு வாரக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். அந்த அன்றாடத்தில் கலப்பதும் வேலையின் ஒரு பங்கு. முழு ஆசிரியர் என்ற எண்ணத்தோடு போகிறவர், வகுப்பில் வார்த்தையை உரக்க வாசித்துக் காட்டும் ஒலிநாடாவாகத் தன்னை ஆக்கிவிட்டார்கள் என்று வருந்துகிறார். அப்படி நடக்கும் பள்ளிகள் உண்டுதான். என்றாலும் அந்தப் பள்ளியின் மொழியும் பழக்கமும் தெரியாதவரிடம் வேறு எந்தப் பொறுப்பைத்தான் ஒப்படைப்பார்கள்?

இரண்டாவது காரணம், தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர் என்ற நம்பிக்கையின் பலவீனம். 1961-இல் உகாண்டாவின் மகரேரேயில் ஆங்கிலக் கல்வி பற்றிக் காமன்வெல்த் நாடுகளின் மாநாடு ஒன்று கூடியது. அங்கே வேரூன்றிய கொள்கைகளை ராபர்ட் பிலிப்சன் 1992-இல் எழுதிய நூலில் ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார். ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியேதான் கற்பிக்க வேண்டும், தாய்மொழியாளர்தான் சிறந்த ஆசிரியர், எவ்வளவு இளமையில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்பன போன்ற கொள்கைகள் அவை. இவற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்பது அவர் வாதம். ஹங்கேரியின் பீட்டர் மெட்ஜெஸ் 1994-இல் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். ஆங்கிலத்தைப் படித்துக் கற்ற ஆசிரியருக்கு எந்த இடத்தில் கால் இடறும் என்று முன்பே தெரியும். கற்கும் உத்திகளைச் சொல்லித் தர முடியும். தடுமாறும் பிள்ளையின் மனம் புரியும். முயன்றால் முடியும் என்பதற்கு அவரே முன்மாதிரி. பேச்சில் சரளம், வழக்குச் சொற்களில் இயல்பு என்று தாய்மொழியாளருக்கும் சில பலங்கள் உண்டு. ஆனால் தான் நினைவின்றிப் பேசுகிற ஒன்றைப் பிறருக்கு விளக்க அதைத் தனியே படித்தாக வேண்டும்.

தமிழ் இளைஞருக்கு இந்த வாதம் வெறும் ஏட்டுச் சங்கதி ஆகாது. எபிக் திட்டம் ஏழு நாட்டுக் குடிமக்களைத்தான் வழக்கமாக எடுக்கிறது. அவற்றில் இந்தியாவும் இலங்கையும் இல்லை. 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரியப் பொருளாதார ஒப்பந்தம், ஆசிரியச் சான்று பெற்ற இந்தியர்கள் உதவி ஆங்கில ஆசிரியராக வர ஒரு கதவைத் திறந்தது. ஜெட் திட்டமோ சிங்கப்பூர், தென்னாப்பிரிக்கா, ஜமைக்கா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளிலிருந்தும் ஆள் எடுக்கிறது. சிங்கப்பூர்த் தமிழருக்கு அந்த வழி திறந்தே இருக்கிறது. தமிழர் இதில் கொண்டுபோகக்கூடிய பலம் ஒன்று உண்டு. ஜப்பானியத்திலும் கொரியத்திலும் தமிழைப் போலவே வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். வேற்றுமை உருபு போன்றவை பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஆங்கிலத்தின் ‘ஏ’, ‘தி’ போன்ற சொற்களுக்கு இணை இல்லை. வினையை நடுவில் வைப்பதும், ‘இன்’, ‘ஆன்’ போன்றவற்றைப் பெயருக்கு முன்னால் சொல்வதும் ஒசாகாவில் ஒரு பிள்ளைக்கு ஏன் கடினம் என்பதை மதுரையில் ஆங்கிலம் படித்தவர் தன் பள்ளிப் பருவத்திலிருந்தே அறிவார். இதற்காகத் தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்று ஜப்பானிய மொழி அறிஞர் சுசுமு ஓனோ சொன்ன கொள்கையை ஏற்க வேண்டியதில்லை. மொழியியலாளர் பலரும் அதை ஏற்கவில்லை. இரண்டு மொழிகளின் வாக்கிய அமைப்பு ஒத்திருப்பதே கற்பித்தலுக்குப் போதும்.

ஆனால் இந்தப் பலத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. மெட்ஜெஸ் சொன்னவற்றுள் பெரிய அனுகூலம், மாணவரின் தாய்மொழியை ஆசிரியரும் பேசுவது. அது சோசெகியிடம் இருந்தது. கொரியாவுக்கோ ஜப்பானுக்கோ போகும் தமிழரிடமும் இராது, கனடியரிடமும் இராது. இந்தக் குறையை நிரப்ப அந்த ஊர் மொழியைக் கற்பதைத் தவிர வேறு வழி இல்லை. பீஸ் கோர் மூலம் 1996-இல் சீனாவின் யாங்சி ஆற்றங்கரை ஊரான ஃபூலிங்குக்குப் போன பீட்டர் ஹெஸ்லர் இதற்கு நல்ல சான்று. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்தபடியே, உள்ளூர் ஆசிரியர்களிடம் சீனம் கற்றார். இரண்டாண்டுகளில் ஊரின் கடைக்காரர்களோடு பேசிப் பழகும் அளவுக்கு வந்தார். அந்த வாழ்க்கையை அவர் எழுதிய நூல் 2001-இல் வெளிவந்தது. மாணவர்களின் கட்டுரைகளை அவர் எவ்வளவு கவனத்தோடு வாசித்தார் என்பது அதில் தெரிகிறது. தானே தினமும் திருத்தப்படும் நிலையில் இருந்தவருக்குத்தான் பிறர் பிழையைப் பொறுமையோடு பார்க்கும் கண் வாய்க்கிறது.

எதிர்வாதங்களில் கனமானது இது: ஆங்கிலத்தை உலகெங்கும் கொண்டுபோவதே ஆதிக்கத்துக்குத் துணைபோவது ஆகாதா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து அங்கேயே பல்கலைக்கழகத்தில் கற்பித்த சுரேஷ் கனகராஜா, போர்க்கால யாழ்ப்பாண வகுப்பறையை ஆராய்ந்து 1999-இல் நூலாக்கினார். அமெரிக்கப் பாடநூல் ஒன்றை வைத்துப் படித்த மாணவர்கள், தங்கள் வாழ்க்கைக்கு ஒட்டாத அந்தப் பக்கங்களின் ஓரங்களில் தங்கள் எண்ணங்களையும் படங்களையும் கிறுக்கி வைத்திருந்தார்கள். அவர்கள் ஆங்கிலத்தை வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. தங்கள் வழியில் கைக்கொள்ள விரும்பினார்கள். அவர் கண்ட பாதை இதுதான்: ஆங்கிலத்தை முழுதாக ஏற்பதும் வேண்டாம், முழுதாக மறுப்பதும் வேண்டாம், தன் தேவைக்கேற்பத் திருப்பிக்கொள்ளலாம். வெளியிலிருந்து வரும் ஆசிரியர் இதற்குத் துணையாகவும் இருக்கலாம், தடையாகவும் இருக்கலாம். பக்க ஓரத்தில் இருப்பதை வாசிக்கத் தெரிந்தவர் துணையாவார். கற்பித்தல் முறை எப்போதும் மேற்கிலிருந்தே வரும் என்ற எண்ணத்தையும் இங்கே கைவிட வேண்டும். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட ஊர்களின் பள்ளிகளில் என்.எஸ். பிரபு நடத்திய சோதனையில், பிள்ளைகள் வரைபடத்தையும் ரயில் நேர அட்டவணையையும் வைத்துப் புதிர்களை விடுவித்து ஆங்கிலம் கற்றார்கள். செயல்வழி மொழிக்கல்வி என்று இன்று உலகம் பேசுவதன் முன்னோடிகளில் அது முக்கியமானது.

இன்னொரு எதிர்வாதம்: உதவி ஆசிரியர்தானே, பயிற்சி எதற்கு, பிள்ளைகள் நல்ல உச்சரிப்பைக் கேட்டாலே போதாதா? போதாது. உச்சரிப்பை இன்று எந்தக் கைபேசியும் தரும். அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்ல ஒரு பிள்ளைக்குத் துணிவு வர வேண்டும். அதற்கு வகுப்பை நடத்தத் தெரிந்த மனிதர் வேண்டும். கேம்பிரிட்ஜின் செல்டா சான்றிதழ்ப் படிப்பு குறைந்தது 120 மணி நேரம் கொண்டது. அதில் உண்மையான மாணவர்களுக்கு முன் நின்று கற்பிப்பது ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரத்தையும் மேற்பார்வையாளர் மதிப்பிடுவார். இது தொடக்கப் பயிற்சிதான். அந்த அளவுகூட இல்லாமல் போகிறவர் முதல் சில மாதங்களைப் பிள்ளைகளின் செலவில் கழிக்கிறார். ஓராண்டில் திரும்பிவிட்டால், கற்றுக்கொண்டு பயன்பட வேண்டிய நேரத்தில் இடத்தைக் காலி செய்கிறார். ஜெட் ஒப்பந்தம் ஓராண்டுக்கானது, ஐந்தாண்டு வரை நீட்டிக்கலாம். இரண்டாண்டாவது இருப்பேன் என்ற உறுதி மனத்தில் இருந்தால் மட்டும் விண்ணப்பிப்பது நேர்மை.

நம் ஊர்ப் பள்ளிகளிலேயே ஆங்கிலம் பயந்து பயந்து படிக்கும் பிள்ளைகள் இருக்கும்போது அடுத்த நாட்டுக்கு ஏன் போக வேண்டும் என்பதும் நியாயமான கேள்வி. இங்கே வேலை இருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் இளமையில் இரண்டாண்டு வெளியே கற்பித்தவர் ஊருக்கு எதிரி ஆகிவிடுவதில்லை. தாய்மொழியில் எல்லாப் பாடமும் படிக்கும் ஒரு சமூகம் ஆங்கிலத்தைத் தனிப் பாடமாக மட்டும் எப்படிக் கையாள்கிறது என்பதை நேரில் பார்ப்பது, தமிழ்வழிக் கல்வி பற்றிய நம் விவாதத்துக்கே பயன்படும். கற்பதில் ஆர்வம் இல்லாமல் சம்பளத்துக்கு மட்டும் போகிறவர் அங்கேயும் பயன்பட மாட்டார், இங்கே இருந்தாலும் பயன்பட மாட்டார்.

சம்பளத்தையும் எதிர்காலத்தையும் பேசாமல் இந்த முடிவை எடுக்க முடியாது. 2025 முதல் ஜெட் திட்டத்தில் சேர்பவருக்கு முதலாண்டு ஊதியம் 40 லட்சத்து 20 ஆயிரம் யென். சிற்றூரில் கௌரவமாக வாழ்ந்து கொஞ்சம் சேமிக்கலாம். தனியார் நிலையங்களில் அந்த உறுதி இல்லை. 2007 அக்டோபரில் ஜப்பானின் மிகப் பெரிய ஆங்கிலப் பள்ளி நிறுவனமான நோவா நொடித்தபோது, ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளப் பாக்கியோடு நின்றார்கள். 2021 ஜூலையில் சீன அரசு தனியார் டியூஷனைக் கட்டுப்படுத்தியபோது, வெளிநாட்டிலிருந்து இணையத்தில் கற்பித்தவர்களின் வேலை சட்டென்று போனது. ஆகவே அரசுத் திட்டத்தை முதலில் பாருங்கள். சுற்றுலா விசாவில் வந்து சேருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்கிற ஏஜென்டை நம்பாதீர்கள். விசா எந்த நிறுவனத்தின் பேரில், வேலை போனால் வீடும் போகுமா, விடுமுறை மாதத்துக்குச் சம்பளம் உண்டா என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

இவ்வளவையும் எடைபோட்ட பிறகு எஞ்சுவது ஒரு சோதனை. அதை வீட்டிலிருந்தே செய்யலாம். போக நினைக்கும் நாட்டின் மொழியை இன்றே படிக்கத் தொடங்குங்கள். மூன்று மாதம் தினமும் படித்து, தப்பும் தவறுமாகப் பேசி, திருத்தப்பட்டு, அப்போதும் மேலே படிக்க ஆசை மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விண்ணப்பம் போடுங்கள். உங்கள் நிறமோ கடவுச்சீட்டோ உச்சரிப்போ பற்றிச் சந்தை என்ன சொன்னாலும், வகுப்பறைக்கு வேண்டிய அடிப்படைத் தகுதி உங்களிடம் இருக்கிறது. ஆசை வற்றிவிட்டால் அந்த நாட்டுக்குப் பயணியாகப் போய் வாருங்கள். அதுவும் மதிப்புள்ள பயணமே. கற்கும் துன்பத்தைத் தானும் ஏற்கத் துணிந்தவர் கையில் பிள்ளைகளை ஒப்படைக்க எந்த ஊர்ப் பெற்றோரும் தயங்க வேண்டியதில்லை.