முட்டுக்கு எத்தனை மைக்ரான்?

புதிய ஸ்டென்ட் ஒன்று சந்தைக்கு வரும்போது, "எவ்வளவு அழுத்தம் தாங்கும்?" என்ற கேள்விதான் பெரும்பாலும் முதலில் எழுகிறது. கேள்வியில் தவறில்லை. ஓயாமல் துடிக்கும் ரத்தக்குழாய்க்குள் நிற்கவேண்டிய வலை அது. நசுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் வடிவமைப்பு மேசையில் அந்தக் கேள்விக்கு இரண்டாம் இடம்தான் என்பது என் கட்சி. முதல் இடம் இழையின் தடிமனுக்கு. ரத்தம் ஓடும் வழிக்குள் எத்தனை மைக்ரான் துருத்திக்கொண்டு நிற்கப்போகிறது என்பதை முதலில் நிர்ணயித்துவிட்டு, உலோகம், இழையின் அகலம், இணைப்புகள், மருந்துப் பூச்சு எல்லாவற்றையும் அந்த எல்லைக்குள் அடக்கப் பார்க்க வேண்டும். வலு போதவில்லை என்றால் பலூனிடம் போய்க் கேட்கலாம்.

ஏனென்றால் அடைப்பைத் திறப்பது பலூன். திறந்தது மூடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் ஸ்டென்டின் வேலை. 1977 செப்டம்பரில் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குரூண்ட்ஸிக் முதன்முதலாக ஒரு நோயாளியின் இதயத் தமனிக்குள் பலூனை விரித்தபோது, இதயத்துக்கு ஸ்டென்ட் என்ற ஒன்றே கிடையாது. அவர் தன் வீட்டுச் சமையலறையில் செய்து பார்த்த பலூன்கள் பிவிசி-யால் ஆனவை. இன்று நைலான், பீபாக்ஸ், பெட் ஆகியவை அந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன. 3 மி.மீ. விட்டமுள்ள பலூனின் சுவர் 20 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 12 வளிமண்டல அழுத்தம் ஏறும்போது சுவரைச் சுற்றுவாக்கில் இழுக்கும் தகைவு ஏறக்குறைய 90 மெகாபாஸ்கல். சாதாரணமாக வார்த்த நைலான் இந்த இழுப்பில் நெகிழ்ந்துபோகும். அதனால்தான் நைலான் குழலைச் சூடான அச்சுக்குள் வைத்து, நீளவாக்கில் இழுத்துக்கொண்டே ஊதி, மூலக்கூறுச் சங்கிலிகளை இரு திசையிலும் வரிசைப்படுத்துகிறோம். பலூனின் வலு பாதிக்குமேல் இந்த ஊதலில்தான் பிறக்கிறது. உருளையில் சுற்றுவாக்குத் தகைவு நீளவாக்குத் தகைவைப்போல இரண்டு மடங்கு என்பது பழைய கணக்கு. ஆகவே ஒழுங்காக ஊதிய பலூன் வெடித்தால் நீளவாக்கில்தான் கிழியும், கிழிந்தாலும் முழுதாகத் தன்னைச் சுமக்கும் கதீட்டர் குழலோடு திரும்பி வரும். சுற்றுவாக்கில் கிழிந்தால் முன்பாதி குழாய்க்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். வெடிப்பதற்கும் ஒரு நல்ல முறை உண்டு என்று இந்தத் தொழில் கற்றுத் தருகிறது. பெட்டியில் அச்சிடும் உச்ச அழுத்தமும் குத்துமதிப்பு அல்ல: ஆயிரத்துக்கு 999 பலூன்கள் அந்த அளவில் வெடிக்காது என்பதை 95 சதவீத உறுதியோடு சோதனையில் காட்டியாக வேண்டும்.

பலூன் எவ்வளவு இளகுகிறது என்பது அடுத்த சங்கதி. இளகும் பலூன் கெட்டியான அடைப்பைச் சந்தித்தால், அடைப்பை விட்டுவிட்டு இரு முனைகளிலும் உப்பிக்கொள்ளும். அங்கிருக்கும் ஆரோக்கியமான சுவரைத்தான் கிழிக்கும். அழுத்தம் ஏறினாலும் விட்டம் ஏறாத இளகாப் பலூன் 20 வளிமண்டலத்திலும் தன் அளவை மீறாமல், விசை முழுவதையும் அடைப்பின்மேல் செலுத்தும். ஆனால் சுவர் தடிமனானது, மடிப்பு முரடானது. ஒருமுறை விரிந்தபின் பழையபடி ஒடுங்குவதும் இல்லை. குறுகிய இடத்துக்குள் முதலில் நுழைவதற்கு இளகும் பலூன், பிறகு விரிப்பதற்கு இளகாப் பலூன் என்று இரண்டுமே கை எட்டும் தூரத்தில் இருப்பது இதனால்தான்.

பலூன் மட்டும் போதாதா? போதாது என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. விரித்த சுவர் சில நிமிடங்களில் மீள்கிறது. கிழிந்த உட்தோல் மடிந்து வழியை அடைக்கிறது. அடுத்த சில மாதங்களில் காயம் ஆறும்போது குழாயே சுருங்குகிறது. 1986-இல் துலூஸில் ஜாக் புயலும் லொசானில் உல்ரிச் சிக்வார்ட்டும் இதயத் தமனியில் ஸ்டென்டை நிறுத்தியது இவற்றைத் தடுக்கத்தான். பலன் கிடைத்தது. 1994-இல் வெளியான ஸ்ட்ரெஸ் ஆய்வில் மறுஅடைப்பு 42.1 சதவீதத்திலிருந்து 31.6-க்கும், பெனஸ்டென்ட் ஆய்வில் 32-லிருந்து 22-க்கும் இறங்கியது. இறங்கியும்கூட நான்கைந்து பேரில் ஒருவருக்காவது மறுபடி அடைத்தது. கான்கிரீட் தளம் இறுகும்வரை அடியில் கொடுக்கும் சென்ட்ரிங் முட்டைப் போன்றது ஸ்டென்ட். சில மாதங்களுக்குப் பின் அதற்குப் பெரிதாக வேலை இல்லை. ஆனால் உலோக முட்டைப் பிரித்தெடுக்க வழியில்லை. வேலை முடிந்த பின்னும் ஆயுள் முழுக்க அங்கேயே நிற்கப்போகும் பொருள் என்பதால்தான் அதன் கனத்தில் இவ்வளவு கறாராக இருக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நேரடிச் சான்று 2001-இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. இசார்-ஸ்டீரியோ ஆய்வு, ஏறத்தாழ ஒரே வடிவமைப்புள்ள இரண்டு உலோக ஸ்டென்டுகளை 651 நோயாளிகளிடம் ஒப்பிட்டது. ஒன்றின் இழை 50 மைக்ரான், மற்றதன் இழை 140 மைக்ரான். மெல்லிய இழையில் மறுஅடைப்பு 15 சதவீதம், தடித்ததில் 25.8. பூச்சும் இல்லை, மருந்தும் இல்லை, மாறியது தடிமன்தான். காரணம் ரத்த ஓட்டத்தில் இருக்கிறது. துருத்தும் இழையின் பின்னால் ஓட்டம் தேங்கிச் சுழல்கிறது. சுழலில் தட்டணுக்கள் கூடுகின்றன. புதிய உட்படலம் இழையின் மேலேறி மூடுவதற்கு நாள் பிடிக்கிறது. மருந்து ஸ்டென்ட் வந்தபின் இது பழங்கதை என்று சிலர் வாதிடுவதுண்டு. 2002-இல் ராவெல் ஆய்வில் சிரோலிமஸ் மருந்து பூசிய ஸ்டென்டில் மறுஅடைப்பு பூஜ்யம். அதன் இழையோ 140 மைக்ரான்! வலுவான வாதம்தான். ஆனால் திசு வளர்ச்சியை அடக்கும் மருந்து உட்படலத்தின் வளர்ச்சியையும் சேர்த்தே அடக்குகிறது. 2006-இல் பார்சிலோனா இதயவியல் மாநாட்டில் கிளம்பிய கலவரம், முதல் தலைமுறை மருந்து ஸ்டென்டுகளில் ஓராண்டுக்குப் பின்னும் ரத்தம் உறைவதைப் பற்றியது. இழை மூடப்படுவது தாமதமாகும்போது, மூட வேண்டிய இழை எவ்வளவு தடிமன் என்பது முன்னைவிட முக்கியமாகிறது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வகச் சோதனையில், மற்றெல்லாம் ஒன்றாயிருக்க, 162 மைக்ரான் இழை 81 மைக்ரான் இழையைவிட ஒன்றரை மடங்கு அதிகம் ரத்தத்தை உறையவைத்தது.

தடிமனைக் குறைத்தால் வலு சரிந்துவிடாதா என்பதற்குப் பதில் கணக்கிலேயே இருக்கிறது. ஸ்டென்டின் வளையம் நெருக்கப்படும்போது அதன் வளைவுகள் குழாய்ச்சுவரின் பரப்பிலேயே மடங்குகின்றன. அப்போது விறைப்பு, இழையின் தடிமனுக்கு நேர்விகிதத்திலும் அகலத்தின் மும்மடிக்கு ஏற்பவும் மாறும். ஆகவே தடிமனைப் பாதியாக்கி, அகலத்தைச் சுமார் கால்பங்கு கூட்டினால் விறைப்பு பழைய இடத்துக்கு வந்துவிடும். அதோடு குழாயின் வளைவுகளில் மெல்லிய இழை எளிதில் இணங்கிப் படுக்கும். எஃகிலிருந்து கோபால்ட்-குரோமியத்துக்கு மாறியதில் வலுவும் கூடிற்று. செலவே இல்லாத மாற்றமும் அல்ல: இழை மெலியும்போது எக்ஸ்-ரேயில் மங்குகிறது. மங்காதிருக்கப் பிளாட்டினம் கலந்த உலோகம் வந்தது. அந்த வகையில் ஒரு ஸ்டென்ட் வளையங்களுக்கிடையே இரண்டே இணைப்புகளோடு வந்தபோது, கதீட்டரின் முனை முட்டி நீளவாக்கில் சுருங்கியதாக 2011 வாக்கில் செய்திகள் வந்தன. அடுத்த பதிப்பில் வாய்ப்பக்கம் இணைப்புகளைக் கூட்டினார்கள். பிழை தடிமனில் இல்லை, இணைப்புகளைச் சிக்கனம் பிடித்ததில்தான் இருந்தது. எல்லையும் ஒன்று உண்டு. சூரத்தில் தயாராகும் 60 மைக்ரான் ஸ்டென்ட், 2019-இல் வெளியான டேலண்ட் ஆய்வில் 81 மைக்ரான் ஸ்டென்டுக்குச் சளைத்ததல்ல என்று நிறுவப்பட்டதே தவிர, அதை விஞ்சியதாக அல்ல. 80-க்குக் கீழே போகப் போக லாபம் மெலிகிறது என்றே எண்ணுகிறேன்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அப்சார்ப் உதாரணம். கரைந்துபோகும் ஸ்டென்ட் என்ற எண்ணம் அருமையானது. வேலை முடிந்த முட்டு தானே மறைந்துவிடும். பாலிலாக்டிக் அமிலத்தால் செய்து, சுமார் மூன்றாண்டில் கரையும்படி அமைத்தார்கள். ஆனால் அந்தப் பிளாஸ்டிக்கின் விறைப்பு கோபால்ட்-குரோமியத்தின் விறைப்பில் மிகச் சிறு பங்குதான் தேறும். பொருளை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டதால், தடிமன் 150 மைக்ரானுக்கு ஏறிற்று. அகலமும் கூடவே ஏறிற்று. 2016 ஜூலையில் அமெரிக்க அனுமதி, 2017 செப்டம்பரில் விற்பனை நிறுத்தம். நெதர்லாந்தின் எய்டா ஆய்வில் இரண்டாண்டில் அப்சார்ப் வைத்தவர்களில் 3.5 சதவீதத்தினருக்கு உள்ளே ரத்தம் உறைந்தது. உலோக ஸ்டென்டில் 0.9. மருத்துவர்கள் சரியாக விரித்து வைக்கவில்லை, சிறிய குழாய்களில் வைத்தார்கள் என்று அப்சார்பின் ஆதரவாளர்கள் சொன்னார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் உலோக ஸ்டென்ட் பொறுத்துக்கொள்ளும் சிறு பிசகை இது பொறுக்கவில்லை என்றால், அந்தப் பொறுமையின்மையும் தடிமனின் குணம்தான். குற்றம் பிளாஸ்டிக்குடையது அல்ல என்பதற்கு 2023-இல் ஒரு சான்று கிடைத்தது: அதே வகைப் பிளாஸ்டிக், 99 மைக்ரான் இழை, முழங்காலுக்குக் கீழுள்ள தமனிகள். லைஃப்-பிடிகே ஆய்வில் ஓராண்டு முடிவில் பலன் நிலைத்தது பலூன் மட்டும் பெற்றவர்களில் 44 சதவீதத்தினருக்கு, கரையும் ஸ்டென்ட் பெற்றவர்களில் 74 சதவீதத்தினருக்கு. இடமும் வேறு, போட்டியாளரும் வேறு என்பதால் இதை முழு நிரூபணமாக நான் சொல்லமாட்டேன்.

சுண்ணாம்பு படிந்த தமனிக்கு மெல்லிய ஸ்டென்ட் தாங்குமா என்பது அடிக்கடி வரும் இன்னொரு ஆட்சேபம். சுண்ணாம்பை உடைக்கும் வேலையை ஸ்டென்டின் தலையில் கட்டுவதுதான் இங்கே தப்பு. இளகாப் பலூன், சுழலும் வைரத்தூள் முனை, பலூனுக்குள்ளிருந்து அதிர்வலை அனுப்பும் கருவி எல்லாம் இருப்பது அதற்காகவே. உடைந்த சுவர் மெல்லிய வலைக்கும் வழிவிடும். உடையாத சுண்ணாம்புக்குள் எந்தத் தடித்த ஸ்டென்டும் முழுதாக விரியாது, விரியாத ஸ்டென்ட் வைக்காத ஸ்டென்டைவிட மோசமானது.

என் வாதம் உண்மையாகவே தடுமாறும் இடம் தொடையில் இருக்கிறது. தொடைத் தமனி ஒவ்வொரு அடியிலும் மடங்கி, முறுகி, குறுகி நீள்கிறது. அங்கே தானாக விரியும் நிட்டினால் உலோக வலைகளை வைக்கிறோம். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டென்ட் வைத்த 121 கால்களில் 37.2 சதவீதத்தில் இழை முறிந்திருந்தது. முறிந்த இடங்களில் மறுஅடைப்பும் அதிகம். இதயத் தமனிக்குப் பத்தாண்டுத் துடிப்பாகச் சுமார் 40 கோடி சுழற்சிகளை ஆய்வகத்தில் ஓட்டிக் காட்டினால் போதும். தொடையில் அந்தச் சோதனையில் தேறிய ஸ்டென்டும் உடைந்தது, ஏனெனில் உடைப்பது துடிப்பு அல்ல, நடை. இங்கே வடிவமைப்பின் முதல் வரியில் தடிமனுக்குப் பதில் முறுக்கும் வளைவும்தான் இருக்க வேண்டும். அல்லது இன்னொரு வழி: உலோகமே வைக்காமல், மருந்து பூசிய பலூனால் விரித்து மருந்தைச் சுவரில் தேய்த்துவிட்டு வெளியே வந்துவிடுவது. பூஜ்ய மைக்ரான். அந்தப் பலூன்களில் பூசும் பாக்லிடாக்சல் மருந்து உயிரிழப்பைக் கூட்டுகிறதோ என்று 2018-இல் எழுந்த அச்சம், 2023-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் தரவுகள் அதை ஆதரிக்கவில்லை என்று அறிவிக்கும்வரை அந்தத் துறையையே முடக்கிப் போட்டது. இன்று தொடையில் நான் பரிந்துரைக்கும் முறை இதுதான்: இளகாப் பலூனால் நிதானமாக விரித்து, மருந்துப் பலூனால் முடித்து, பிறகு படம் பார்ப்பது. உட்தோல் கிழிந்து மடிந்திருக்கும் சில சென்டிமீட்டருக்கு மட்டும் குட்டை ஸ்டென்ட் வைத்தால் போதும். அடைப்பு முழு நீளத்துக்கும் இருந்தது என்பதற்காக உலோகமும் முழு நீளத்துக்கும் போக வேண்டியதில்லை.